ஐந்தாவது அச்சம்

ஒரு படம் ஓடவில்லை என்றால் அது செத்துப் போய்விட்டது என்று பட வியாபாரிகள் சொல்லுவது வழக்கம். வசூல் கணக்கைப் பார்த்தால் அது நியாயந்தான். ஆயினும், செத்ததாகச் சொல்லப்பட்ட படங்களுள் சில அடங்கிக் கிடப்பதில்லை. முப்பது வருஷம், ஐம்பது வருஷம் கழிந்த பிறகு, அவற்றைக் கண்டவர்கள் உண்டா, பிரதி எங்கேனும் இருக்கிறதா, பாட்டுப் புத்தகமாவது கிடைக்குமா என்று சிலர் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். நூறு நாள் ஓடிய படங்களைப் பற்றி இவர்களுக்கு அவ்வளவு கவலை இல்லை. பத்து நாளும் ஓடாத ஒரு படத்தின் பெயரைச் சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

இப்படித் தேடப்படும் படங்களில் பயங்கரப் படங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. அவற்றிலும், பேயும் பிசாசும் வந்து கூத்தாடும் படங்களைவிட, மனிதனுடைய மனமே பேயாக மாறுகிற படங்களுக்கு மதிப்பு அதிகம். தமிழில் அத்தகைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைச் சிலர் ஏன் தேடுகிறார்கள், அந்தத் தேட்டத்தினால் தேசத்துக்கு லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்று இவ்வாரம் ஆராய்வோம். படத்தின் பெயர் ‘நடு இரவில்’. திரைக்கு வந்தது 1970-ஆம் வருஷம். எடுத்தவர் ஸ்ரீ எஸ். பாலசந்தர்.

வீணையும் காமிராவும்

“வீணை வித்வான் பாலசந்தரா?” என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். அவரேதான். 1927-இல் பிறந்து 1990-இல் மறைந்த பாலசந்தர், வீணையைத் தாமாகவே பயின்று தேர்ந்தவர். 1982-இல் பத்மபூஷண் விருது பெற்றவர். வீணையால் புகழ் பெறுவதற்கு முன்பே சினிமா அவரைப் பற்றிக்கொண்டது. 1934-இல் வந்த ‘சீதா கல்யாணம்’ என்னும் படத்தில் அவர் சிறு பையனாகத் தோன்றினார். அவருடைய தமையனார் எஸ். ராஜம் அதில் ராமர். சகோதரி ஜயலக்ஷ்மி சீதை. உடன்பிறந்தவர்கள் தம்பதிகளாக நடிப்பதாவது என்று அந்தக் காலத்தில் முணுமுணுத்தவர்கள் உண்டு.

பிற்பாடு நடிகராகவும், சங்கீத டைரக்டராகவும், பட டைரக்டராகவும் அவர் பெயர் பெற்றார். 1954-இல் ஏ.வி.எம். ஸ்தாபனத்துக்காக அவர் எடுத்த ‘அந்த நாள்’ தமிழ்ப் பட உலகத்தையே திகைக்க வைத்தது. அதில் ஒரு பாட்டுக்கூட இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. பாகவதர் காலத்தில் ஒரு படத்தில் பாட்டு எத்தனை என்று எண்ணிப் பார்த்து டிக்கட்டு வாங்கிய நம் ஜனங்களுக்கு, பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்பது உப்பே இல்லாத விருந்தாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையின்மீது குண்டு போட்டதல்லவா? அதற்கு மறுநாள் ஒரு ரேடியோ எஞ்சினீயர் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். கொன்றவர் யார் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லுகிறார்கள். ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோசாவா 1950-இல் எடுத்த ‘ராஷோமோன்’ படத்தின் சாயல் அதில் உண்டு. ஆனால் தேசத் துரோகம் செய்யும் கணவனையும், தேசபக்தி கொண்ட மனைவியையும் எதிரெதிரே நிறுத்திய துணிச்சல் நம்முடையது. சர்க்காரின் நற்சான்று அதற்குக் கிடைத்தது. முதல் வெளியீட்டில் வசூல் கிடைக்கவில்லை.

பாலசந்தர் தளரவில்லை. 1962-இல் ‘அவனா இவன்’. 1964-இல் ‘பொம்மை’: வெடிகுண்டு மறைத்து வைத்த பொம்மை ஒன்று கை மாறி, வீடு மாறிப் போய்க்கொண்டே இருக்கிறது, அது எப்போது வெடிக்குமோ என்ற பீதிதான் கதை. பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற ஜேசுதாஸின் குரல் தமிழ்ப் படத்தில் முதன்முதல் ஒலித்ததும் அதிலேதான். கடைசியாக, ‘நடு இரவில்’. அதைத் தயாரித்தவர், டைரக்ட் செய்தவர், சங்கீதம் அமைத்தவர், முக்கிய வேஷம் ஏற்றவர் எல்லாம் அவரே. அதற்குப் பிறகு அவர் டைரக்ட் செய்த படம் எதுவும் வரவில்லை. வீணை அவரை முழுவதும் எடுத்துக்கொண்டது.

நான்கு அச்சமும் ஐந்தாவதும்

அச்சம் எதனால் உண்டாகிறது என்பதைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்திருக்கிறார். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவர் என்று நான்கு நிலைக்களன்களைச் சொல்லுகிறார். யோசித்துப் பார்த்தால், இந்த நான்கும் நமக்கு வெளியே இருப்பவை. தெய்வமும் பேயும் வெளியிலிருந்து வந்து பிடிக்கின்றன. புலி காட்டிலிருந்து வருகிறது. திருடன் சுவரைத் துளைத்து வருகிறான். அரசனுடைய சினம் அரண்மனையிலிருந்து வருகிறது. கதவைத் தாழிட்டுக்கொண்டால் கொஞ்சம் தைரியம் உண்டாகிறது.

நம் பழைய சினிமாக்களில் கண்ட பயங்கரமெல்லாம் இந்த நான்கில் அடங்கும். 1951-இல் வந்த ‘மர்மயோகி’யில் பேய்க் காட்சிகள் இருந்ததனால், வயது வந்தவர்களுக்கு மட்டும் என்னும் ‘ஏ’ முத்திரையைத் தணிக்கையார் குத்தினார்கள். தமிழ்ப் படத்துக்கு அந்த முத்திரை விழுந்தது அதுவே முதல் தடவை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பேய் உண்மையில் பேயே அல்ல. இறந்ததாக எண்ணப்பட்ட அரசன்தான். பெரியவர்களைப் பயமுறுத்தியது இல்லாத ஒரு பேய்!

ஐந்தாவது அச்சம் ஒன்று உண்டு. கதவைத் தாழிட்ட பிறகு உள்ளே நம்மோடு இருப்பவர்களிடம் உண்டாகிற அச்சம் அது. முடிவில், நம்மிடமே நமக்கு உண்டாகிற அச்சம். ‘நடு இரவில்’ படத்தின் பொருள் இதுதான். ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி 1939-இல் எழுதிய ஒரு நாவலில், தீவொன்றுக்கு அழைக்கப்பட்ட பத்துப் பேர் ஒருவர்பின் ஒருவராக மாள்கிறார்கள். பாலசந்தரின் படம் அந்த வித்திலிருந்து முளைத்தது. இதே வித்திலிருந்து 1965-இல் ஹிந்தியில் ‘கும்நாம்’ என்னும் படமும் வந்து நன்றாக ஓடிற்று.

ஆனால் நம்மவர் செய்த ஒரு மாறுதலைக் கவனிக்க வேண்டும். கிறிஸ்டியின் தீவில் கூடியவர்கள் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். பாலசந்தரின் வீட்டில் கூடியவர்களோ சொந்தக்காரர்கள். தண்ணீர் சூழ்ந்த இடத்தில் ஒரு பெரிய வீடு. பணக்காரரான அதன் சொந்தக்காரர், மனம் கலங்கிய மனைவியோடு தனித்து வாழ்கிறார். உறவினர் விட்டுப்போன மனிதர் அவர். அவருக்கு நாள் நெருங்கிவிட்டது என்று தெரிந்ததும், விட்டுப்போன உறவெல்லாம் திரும்பி வருகிறது. வந்தவர்கள் மீள வழி இல்லை, கொலை ஆரம்பமாகிறது. கொலையாளி யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. படத்தைத் தேடிப் பிடிக்கப் போகிறவர்களுடைய சாபத்துக்கு ஆளாக எனக்கு விருப்பமில்லை.

அந்நியரைச் சந்தேகிப்பது சுலபம். அண்ணன் தம்பியை, சித்தப்பனை, அத்தையைச் சந்தேகிப்பது அவ்வளவு சுலபமல்ல. சொத்துப் பங்கீட்டுக்காகக் கூடிய எந்தக் குடும்பத்திலும், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருவர் மனத்தில் மற்றவரைப் பற்றி ஓடுகிற நினைவுகளைத் திரையில் காட்ட முடியுமானால், அதைவிடப் பயங்கரமான படம் வேறொன்று வேண்டியதில்லை. தமிழ்க் குடும்பத்தின் இந்த மூலையில் விளக்கு வைத்துப் பார்த்ததுதான் இந்தப் படத்தின் விசேஷம்.

இன்னொரு விசேஷம் சத்தம். இரண்டே பாட்டுக்கள், மற்ற நேரமெல்லாம் காலடிச் சத்தமும், கதவின் முனகலும், இவற்றுக்கு நடுவே நீண்ட மௌனமும். வீணையின் தந்தியை மீட்டியவன், அடுத்த ஸ்வரத்துக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அறிந்தவன். மௌனத்துக்கும் மாத்திரை உண்டு என்பது அவனுக்குத் தெரியும். ஆர்மோனியத்தையும் தபலாவையும் ஓயாமல் முழக்கினால் ஜனங்கள் பயப்படுவார்கள் என்று எண்ணுகிற சங்கீத டைரக்டர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பயம் என்பது சத்தத்தில் பிறப்பதில்லை. சத்தம் நின்ற இடத்தில் பிறக்கிறது.

இந்த வழியில் பின்னால் வந்தவர்களும் உண்டு. பாலு மகேந்திரா 1980-இல் எடுத்த ‘மூடுபனி’, சிறு வயதில் வீட்டில் கண்ட கொடுமையால் மனம் திரிந்துபோன ஒருவனின் கதை. உதகமண்டலத்துப் பனியே அதில் ஒரு பாத்திரம். எங்கள் கன்னிவாடிக்கு மேலே நிற்கும் பழனி மலைகளிலும் சினிமா தன் முத்திரையைப் பதித்திருக்கிறது. கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் ‘பிசாசின் சமையலறை’ என்று பெயரிட்ட குகை, 1991-இல் வந்த ‘குணா’ படத்துக்குப் பிறகு ‘குணா குகை’ ஆயிற்று. அதுவும் மனம் பேதலித்த ஒருவனின் கதைதான். வெளிவந்த காலத்தில் படம் பிரமாதமாக ஓடவில்லை. பெயர் மட்டும் மலையில் நிலைத்துவிட்டது. பிசாசை வெளியேற்றிவிட்டு மனிதன் குடி புகுந்தான் என்று இதற்குப் பொருள் சொல்லலாம்.

தேடுகிறவர்கள் யார்?

இனி, இத்தகைய படங்களைத் தேடுகிறவர்களைப் பார்ப்போம். இவர்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கலாம்.

முதல் வகுப்பார் ஞாபகத்தைத் தேடுகிறவர்கள். எட்டு வயதில், டூரிங் டாக்கீஸின் மணல் தரையில், தாயாரின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்த ஒரு காட்சி இவர்களை விட்டுப் போவதில்லை. படத்தின் பெயர்கூடச் சில சமயம் மறந்திருக்கும். மாடிப்படி, ஒரு கை, அணைந்த விளக்கு, இவ்வளவுதான் ஞாபகம். தாம் பயந்தது வாஸ்தவமா, அல்லது கனவா என்று தெரிந்துகொள்ள இவர்கள் விரும்புகிறார்கள். சந்தோஷத்தை மனிதன் சீக்கிரம் மறந்துவிடுகிறான், பயத்தை மறப்பதில்லை. பயங்கரப் படங்களுக்கு இருக்கும் தனிக் கிராக்கியின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் வகுப்பார் கலையைத் தேடுகிறவர்கள். வசூலுக்கு அஞ்சாமல் ஒருவன் செய்து பார்த்த சோதனை தோற்றுப்போனாலும், அந்தச் சோதனையிலிருந்து கற்க வேண்டியது நிறைய உண்டு என்பது இவர்கள் கொள்கை. இவர்கள் சொல்லுவது முற்றிலும் உண்மை.

மூன்றாம் வகுப்பார் அபூர்வத்தைத் தேடுகிறவர்கள். ஒரு பொருள் பிறரிடம் இல்லை என்பதே இவர்களுக்கு அதன் பெருமை. நல்ல படமா, மோசமான படமா என்பது இரண்டாம்பட்சம். அயல்நாட்டில் இவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 1927-இல் அமெரிக்காவில் ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ என்னும் ஊமைப் பயங்கரப் படம் ஒன்று வந்தது. அதன் கடைசிப் பிரதி 1960-களில் ஒரு கிடங்குத் தீயில் அழிந்துவிட்டது. இன்று உயிரோடிருப்பவர்களில் அதைப் பார்த்தவர் ஒருவரேனும் இருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் அதன் விளம்பரத் தாள் ஒன்று 2014-இல் 4,78,000 டாலருக்கு ஏலம் போயிற்று! படம் போய்விட்டது, சுவரில் ஒட்டிய காகிதம் அரண்மனை விலைக்குப் போகிறது.

காகிதம் காப்பாற்றியவர்கள்

காகிதத்தைச் சேர்ப்பவர்களை நான் பரிகசிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். தமிழ் சினிமாவின் சரித்திரம் இன்று ஓரளவு நமக்குத் தெரிகிறதென்றால், அதற்குக் காரணம் காகிதம் சேர்த்த இரண்டொரு மனிதர்களே.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது அவருடைய தொழில். பழைய புத்தகம், பத்திரிகை மட்டுமல்ல. நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கலியாணப் பத்திரிகைவரையில், பிறர் குப்பை என்று எறிந்ததையெல்லாம் அவர் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலமான பின், சிகாகோ சர்வகலாசாலையார் அந்தச் சேகரத்தை வாங்கி, கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே வைத்து, 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை ஏற்படுத்த உதவினார்கள். பாட்டுப் புத்தகத்தில் பாட்டு மட்டும் இல்லை. கதைச் சுருக்கம் இருக்கிறது, நடிகர் பட்டியல் இருக்கிறது. படமே அழிந்துபோன இடங்களில், ஓரணா, இரண்டணா விலைக்கு விற்ற அந்தப் புத்தகந்தான் நமக்குக் கல்வெட்டு.

மற்றொருவர் ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன். இன்ன வருஷம், இன்ன படம், இன்னார் எடுத்தது என்று தமிழ்ப் படங்களின் விவரங்களையெல்லாம் ஆயுள் முழுவதும் திரட்டி, 2004-இல் பெரும் புத்தகமாக வெளியிட்டார். 2016 மார்ச்சு மாதத்தில் அவர் மறைந்தார். அதே மாதத்தில்தான், புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகத்தைக் கட்டி வளர்த்த பி. கே. நாயரும் மறைந்தார். 1964-இல் தொடங்கிய அந்தக் காப்பகத்துக்காக நாயர் திரட்டிய படங்கள் சுமார் 12,000. நல்ல படம், கெட்ட படம் என்று அவர் பார்க்கவில்லை. எது பிற்காலத்துக்குத் தேவைப்படும் என்பதை இன்றைக்கு இருப்பவன் தீர்மானிக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. ஓடாத பயங்கரப் படங்களுக்கு அவரைவிடப் பெரிய நண்பர் இல்லை.

ஒரே பிரதியின் ஆபத்து

காகிதம் ஐந்நூறு வருஷம் இருக்கும், பிலிம் அப்படியல்ல. 1950-களின் தொடக்கம்வரை உபயோகத்தில் இருந்த நைட்ரேட் பிலிம், வெடிமருந்துக்கு உறவுடையது. தீப்பற்றினால், எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்; தண்ணீரில் அமிழ்த்தினாலும் எரியும். 2003 ஜனவரியில் புனாவில் நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கில் தீப்பிடித்து, நம் ஆதிகாலப் படங்கள் பல சாம்பலாயின. அதற்குப் பிறகு வந்த அஸிடேட் பிலிம் தீக்கு அஞ்சுவதில்லை. ஆனால் உஷ்ணத்திலும் ஈரத்திலும் தானே அழுகத் தொடங்குகிறது. டப்பாவைத் திறந்தால் புளித்த காடியின் நெடி அடிக்கும். பிறகு சுருள் சுருங்கி, வளைந்து, உதிர்ந்து போகும். சென்னையின் புழுக்கத்துக்கு இதைவிடச் சுலபமான இரை இல்லை.

தீயும் புழுக்கமும் செய்த நாசம் போதாதென்று, மனிதர்களும் தங்கள் பங்கைச் செய்தார்கள். கறுப்பு வெள்ளை பிலிமில் வெள்ளி இருக்கிறது. ஓடி முடிந்த படத்தை எடைக்கு வாங்கி, கரைத்து வெள்ளி எடுத்தவர்கள் பலர். மிஞ்சிய துண்டுகள் திருவிழாக் கடைகளில் காலணாவுக்கு விற்றன. கன்னிவாடி போன்ற மலையடிவாரத்து ஊர்களில், உடைந்த பல்பில் தண்ணீர் நிரப்பி, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, வேஷ்டித் திரையில் அந்தத் துண்டுகளைப் படமாகக் காட்டிய சிறுவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அது விளையாட்டு. விளையாடிய துண்டு எந்தப் படத்தின் கடைசித் துண்டோ, யார் கண்டார்கள்?

இவ்வாறு, 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ நம்மிடம் இல்லை. தென்னாட்டு ஊமைப் படங்களுள் நமக்குக் கிடைத்திருப்பது ஏறக்குறைய ஒன்றே: 1933-இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’. அது பிழைத்த கதை விசித்திரமானது. நாவலைப் பதிப்பித்தவர்கள் உரிமைக்காக வழக்குத் தொடர்ந்தார்கள், படம் முடக்கப்பட்டது, பிரதி அவர்கள் வசம் போய்ப் பெட்டிக்குள் உறங்கிற்று, 1974-இல் புனாக் காப்பகம் அதை மீட்டது. ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கும். வழக்கில் அகப்பட்டதால் தப்பியது.

பழைய காலத்தோடு இந்த அலட்சியம் ஒழிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ ஆகிய தம் படங்களின் மூல நெகடிவ் இல்லாமற் போய்விட்டதைச் சொல்லிப் பாலு மகேந்திரா வருந்தினார். இவை தேசிய விருது பெற்ற படங்கள். ராஜ வம்சத்துப் பிள்ளைகள். அவர்களுக்கே இந்தக் கதியென்றால், ஓடாத பயங்கரப் படம் என்னும் அநாதைப் பிள்ளையின் கதியைக் கேட்பானேன்?

பூட்டி வைப்பதும் காப்பாற்றுவதும்

இங்கேதான் அபூர்வம் தேடுகிறவரோடு நாம் வழக்காட வேண்டியிருக்கிறது. ஒரு படத்தின் கடைசிப் பிரதி ஒருவர் கையில் அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் அதைப் பூட்டி வைக்கிறார். பிரதி எடுக்க விட்டால் அபூர்வம் குறைந்துவிடும், விலையும் குறைந்துவிடும். தம் ஆயுளில் இரண்டு சிநேகிதருக்குக் காட்டுகிறார். அவர் காலத்துக்குப் பிறகு, பிள்ளைகள் டப்பாவைத் திறக்கிறார்கள், காடி நெடி அடிக்கிறது, குப்பைக்குப் போகிறது. படத்தை அழித்தவர் யார்? எடைக்குப் போட்ட வியாபாரியா, பூட்டி வைத்த ரஸிகரா?

நம் தேசத்தில் இதற்கு ஒரு வழிகாட்டி உண்டு. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக நடந்தார். சில வீடுகளில் சுவடிகளைச் செல் அரித்திருந்தது. சில வீடுகளில் அவற்றை ஆடிப் பெருக்கில் ஆற்றில் விட்டிருந்தார்கள். சிலர் கொடுக்கவே மனமில்லாமல் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஐயரவர்கள் சேர்த்தவற்றைத் தம் பெட்டியில் அடுக்கி வைத்து, ‘தமிழ்நாட்டில் இது என்னிடம் மட்டுமே உண்டு’ என்று பெருமைப்பட்டிருந்தால் அவரும் ஒரு சேகரக்காரர், அவ்வளவே. 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1898-இல் மணிமேகலையையும் அச்சிட்டார். ஆகவே அவர் தமிழ்த் தாத்தா. தேடுவது பாதி வேலை. பலருடைய கைக்குக் கொடுப்பது மற்றப் பாதி.

பயங்கரப் படங்களின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1922-இல் ஜெர்மனியில் எடுத்த ‘நொஸ்ஃபெராட்டு’ படம் ஒரு நாவலைத் திருடியது என்று வழக்கு நடந்தது. பிரதிகளையெல்லாம் அழித்துவிடும்படி கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். ஆயினும் பல ஊர்களில் சிதறிக் கிடந்த பிரதிகளால் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. 1962-இல் அமெரிக்காவில், பாடப் படங்களும் தொழிற்சாலைப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்த ஹெர்க் ஹார்வி என்பவர், கொஞ்சம் பணத்தில் ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ என்ற ஒரே கதைப் படத்தை எடுத்தார். விபத்தில் தப்பிய ஒரு பெண், தான் உயிரோடிருக்கிறோமா என்றே ஐயுறுகிற கதை. படம் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. ஆனால் பதிப்புரிமை நீங்கிவிட்டபடியால், டெலிவிஷன்காரர்கள் நள்ளிரவுகளில் அதைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். தூக்கம் வராதவர்கள் பார்த்தார்கள். மறக்க முடியாமல் தவித்தார்கள். 1989-இல் அதைத் திரும்பவும் கொட்டகைகளில் வெளியிட்டார்கள். ஒரே பிரதியாகக் கிடங்கில் இருந்த ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ சாம்பலாயிற்று. ஊரெல்லாம் சிதறிய இது அமரத்துவம் பெற்றது.

“சட்டம் இடங்கொடுக்க வேண்டாமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் தேசத்துச் சட்டப்படி, ஒரு படம் வெளிவந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து அறுபது வருஷம் அதன் உரிமை செல்லும். ‘பொம்மை’யின் உரிமைக் காலம் 2024 டிஸம்பரோடு முடிந்துவிட்டது. ‘நடு இரவில்’ 2031 ஜனவரி முதல் தேதியில் பொதுச் சொத்தாகும். அதுவரை பணம் வாங்கிக் காட்டும் உரிமை, உரியவருக்கே. ஆனால் காப்பாற்றும் கடமைக்கு அறுபது வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டத்தின் கதவு திறக்கிற நாளில் உள்ளே பொருள் இருக்க வேண்டும். நெடி மட்டும் இருந்து பிரயோஜனமில்லை.

சர்க்காரும் சும்மா இல்லை. பழைய படங்களில் சுமார் 2,200-ஐச் செப்பனிடும் பெரிய திட்டத்தை மத்திய சர்க்கார் 2022-இல் அறிவித்தார்கள். சந்தோஷம். ஆயினும், பட்டியலில் முதலில் இடம் பெறுவது பேர்பெற்ற படங்களாகத்தான் இருக்கும் என்பது உலக வழக்கம். பெயர் தெரியாத படத்துக்காகப் பரிந்து பேச, அதைப் பார்த்துப் பயந்த ரஸிகர்தான் வர வேண்டும். மூன்று வகுப்பாரில் யாராயிருந்தாலும் சரி, அவர்களுக்கு வேலை இருக்கிறது.

வீட்டில் செய்யத்தக்கது

நேயர்களின் வீடுகளில் பிலிம் சுருள் இருக்க நியாயமில்லை. ஆனால் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதில் பாட்டனாருடைய பாட்டுப் புத்தகங்கள், சினிமா நோட்டீஸ்கள், பழைய பத்திரிகைகள் இருக்கும். அடுத்த போகிக்கு அவற்றைக் கொளுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் உறையைச் சூடுபண்ணி ஒட்டிவிடாதீர்கள். பிசின் நாடா போட வேண்டாம். எந்த ஊரில், எந்தக் கொட்டகையில், யார் வாங்கியது என்று ஒரு தனித் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, தக்க நூலகத்துக்குத் தெரிவியுங்கள். உள்ளபடியே பிலிம் சுருள் அகப்பட்டால், அடுப்பங்கரைப் பக்கம் கொண்டு போகாமல், விளக்கு வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்காமல், குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்துக் காப்பகத்தாருக்கு எழுதுங்கள்.

வீட்டில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சிறு வயதில் எந்தப் படத்தைப் பார்த்து ராத்திரி தூங்கவில்லை என்று கேட்டு எழுதி வையுங்கள். படத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. மாடிப்படியும் அணைந்த விளக்கும் போதும். எத்தனையோ படங்களுக்கு இன்று மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி அவர்களுடைய ஞாபகந்தான். அந்தப் பிரதிக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.